இசட் டிரைவ் இங்கே இருக்கு... ரிமோட்டில் ஏன் காணோம்? நெட்வொர்க் ஃபைல் பாதை குழப்பமும் தீர்வும் - எளிய விளக்கம்

கடையில் ஒரு கணினி. குடோனில் ஒரு கணினி. கணக்கு எழுதும் அறையில் இன்னொன்று. வேலூர் லாங் பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவர்கள் முதல், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ ஏற்றுமதி செய்பவர்கள் வரை பலருக்கும் இன்று இதுதான் நிலைமை. பில், ஸ்டாக், ஜிஎஸ்டி கணக்கு, பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஒரு கணினியில் இருக்கும். மற்ற கணினிகள் நெட்வொர்க் வழியாக அதை எடுத்துக்கொள்ளும்.

இதுவரை சிக்கல் இல்லை. 'குடோனுக்கு நேரில் போக வேண்டாம், இங்கிருந்தே கட்டளை கொடுத்து பேக்கப் எடுத்துடலாம்' என்று ஆரம்பிக்கும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. உங்கள் கணினியில் அழகாகத் திறக்கும் ஃபோல்டர், அதே கட்டளையை இன்னொரு கணினியில் ஓடவிட்டால் 'பாதையே இல்லை' என்கிறது. இல்லையென்றால் 'அனுமதி இல்லை' என்கிறது.

இது ஏன் நடக்கிறது? எப்படிச் சரி செய்வது? 2017-ல் உலகத்தையே ஆட்டிவைத்த வைரஸ் தாக்குதலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

(கட்டளைகளையும் பட்டன் பெயர்களையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். கணினியில் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும்.)

நெட்வொர்க் பாதை என்றால் என்ன?

உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் ஃபைலுக்கு 'டி டிரைவ், கணக்கு ஃபோல்டர்' என்று வழி சொல்வோம். வேறொரு கணினியில் இருக்கும் ஃபைல் என்றால், முதலில் எந்தக் கணினி என்று சொல்லியாக வேண்டும். விண்டோஸில் அது இப்படி இருக்கும்:

\\குடோன்பிசி\கணக்கு\மார்ச்

முதலில் இரண்டு சாய்கோடு. அடுத்து கணினியின் பெயர். பிறகு அந்தக் கணினி மற்றவர்களுக்காகத் திறந்துவைத்திருக்கும் ஃபோல்டரின் ஷேர் பெயர். கடைசியில் உள்ளே இருக்கும் ஃபோல்டர், ஃபைல். இதை 'யுனிவர்சல் நேமிங் கன்வென்ஷன்', சுருக்கமாக 'யூஎன்சி பாதை' என்பார்கள்.

இவ்வளவு நீளமாக தினமும் அடிக்க முடியாது என்பதால், அந்தப் பாதைக்கு இசட், ஒய் என்று ஓர் எழுத்தைக் கொடுத்துவிடுவோம். அதுதான் 'மேப்டு டிரைவ்'. பல கடைகளில் 'இசட் டிரைவ்ல இருக்கு பாரு' என்று சொல்வது இதைத்தான்.

குழப்பம் ஆரம்பிக்கும் இடமும் இதுதான்.

இசட் டிரைவ் ஏன் காணாமல் போகிறது?

லாங் பஜாரில் ஒரு முதலாளி தன் கடைப் பையனிடம், 'நம்ம குடோன்ல இருந்து ரெண்டு மூட்டை எடுத்துட்டு வா' என்றால் அவன் நேராகப் போய் எடுத்து வருவான். அதே வார்த்தையை, வெளியூரில் இருந்து முதல்முறையாக வந்திருக்கும் லாரி டிரைவரிடம் சொன்னால்? 'எந்தக் குடோன்ணே?' என்றுதான் கேட்பார். அவருக்குத் தெரு பெயர், கதவு எண்ணோடு முழு முகவரி வேண்டும்.

இசட் டிரைவ் என்பது அந்த 'நம்ம குடோன்' மாதிரி. நீங்கள் உங்கள் பெயரில் லாகின் செய்தபோது, உங்களுக்காக மட்டும் வைக்கப்பட்ட செல்லப்பெயர் அது. அதே கணினியில் வேறொருவர் லாகின் செய்தால் அவருக்கு அந்த எழுத்து தெரியாது. இன்னொரு கணினிக்கு சுத்தமாகத் தெரியாது.

இன்னும் ஆச்சரியமான ஒன்று. அதே கணினியில், அதே பெயரில் நீங்களே இருந்தாலும், 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து கட்டளைத் திரையைத் திறந்தால் பெரும்பாலும் அங்கேயும் இசட் டிரைவ் இருக்காது. அட்மின் உரிமையோடு திறப்பதை விண்டோஸ் தனி லாகினாகவே கணக்கு வைக்கிறது.

ஆகவே முதல் விதி: இன்னொரு கணினியில் ஓடப்போகும் கட்டளையில் இசட், ஒய் போன்ற எழுத்துகளை எழுதாதீர்கள். இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையை எழுதுங்கள்.

'எனிடெஸ்க்ல வேலை செய்யுதே?'

நியாயமான கேள்வி. எனிடெஸ்க் போன்ற ஆப்களில் நீங்கள் பார்ப்பது, அந்தக் கணினியில் ஏற்கெனவே லாகின் செய்து உட்கார்ந்திருப்பவரின் திரையை. மவுஸ் மட்டும்தான் உங்கள் கையில். அவருடைய இசட் டிரைவ் அப்படியே இருக்கும்.

'ரிமோட் டெஸ்க்டாப்' என்றால், நீங்களே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து அந்தக் கணினிக்குள் முழுமையாக லாகின் ஆகிறீர்கள். அதனால் அங்கிருந்து மூன்றாவது கணினியின் ஃபோல்டரையும் வழக்கமாகத் திறக்க முடியும். இணைக்கும்போது உங்கள் டிரைவ்களைப் பகிரும் வசதியை 'ஆன்' செய்திருந்தால், \\டிஎஸ்கிளையண்ட் என்ற பாதையில் உங்கள் சொந்தக் கணினியின் டிரைவ்களும் அங்கே தெரியும்.

ஆனால் 'பிஎஸ்எக்ஸெக்', 'பவர்ஷெல் ரிமோட்டிங்' போன்றவை வேறு ரகம். இவற்றில் திரை கிடையாது. உங்கள் கணினியில் இருந்தபடியே, 'இந்தக் கட்டளையை நீ ஓட்டு' என்று மற்ற கணினிக்கு உத்தரவு அனுப்புகிறீர்கள். ஒரே நேரத்தில் 20, 30 கணினிகளில் ஒரு வேலையை முடிக்க நிர்வாகிகள் பயன்படுத்துவது இவற்றைத்தான். பாதை சிக்கல் அதிகம் வருவதும் இங்கேதான்.

பாதை சரி, ஆனாலும் 'அனுமதி இல்லை'... ஏன்?

இசட் டிரைவை விட்டுவிட்டு முழுப் பாதை கொடுத்துவிட்டீர்கள். உங்கள் கணினியில் அது திறக்கிறது. ரிமோட்டில் ஓட்டினால் 'ஆக்சஸ் டினைட்' என்று வருகிறது. பலர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது.

மறுபடியும் பஜாருக்கே போவோம். முதலாளி, பழக்கமான ஒரு மண்டிக்கு போன் போடுகிறார். 'நம்ம பையன் வரான், சரக்கு கொடுங்க' என்கிறார். மண்டிக்காரர் கொடுக்கிறார். இப்போது அந்தப் பையனை மண்டியிலிருந்து மூன்றாவதாக ஒரு குடோனுக்குப் போகச் சொன்னால்? அந்த குடோன்காரருக்கு போன் வரவில்லை. 'யாருப்பா நீ? உன்னை யார் அனுப்பினது?' என்று கதவை மூடிவிடுவார். பையன் நல்லவன், முகவரியும் சரி. ஆனால் சிபாரிசு முதல் இடத்தோடு நின்றுவிட்டது.

கணினியிலும் இதேதான். உங்கள் கணினியை 'ஏ' என்று வைத்துக்கொள்வோம். கட்டளை ஓடுவது 'பி'-யில். ஃபைல் இருப்பது 'சி'-யில். ஏ-யில் இருந்து பி-க்குப் போகும்போது உங்கள் பாஸ்வேர்டு பி-யிடம் கொடுக்கப்படுவதில்லை. 'இவர் அவர்தான்' என்பதற்கான அத்தாட்சி மட்டுமே காட்டப்படுகிறது. அதை வைத்து பி தன் கதவைத் திறக்கலாம். சி-யின் கதவைத் தட்ட அதனிடம் எதுவும் இல்லை. இதற்கு 'டபுள் ஹாப்', அதாவது இரண்டாவது தாவல் சிக்கல் என்று பெயர்.

இது விண்டோஸின் குறையா? இல்லை. வேண்டுமென்றே போட்ட பூட்டு. பி கணினியில் வைரஸ் புகுந்திருந்தால், அங்கே வந்து போன ஒவ்வொருவரின் பாஸ்வேர்டையும் வைத்து அது மற்ற எல்லாக் கணினிகளுக்கும் போய்விடும் அல்லவா? அதைத் தடுக்கத்தான்.

பிஎஸ்எக்ஸெக்கை உருவாக்கியவர் மார்க் ருசினோவிச். அவருடைய 'சிஸ்இன்டர்னல்ஸ்' கருவிகளை 2006-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்தக் கருவியின் வழிமுறைக் குறிப்பிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது: பயனர் பெயர் கொடுக்காமல் ஓட்டினால், கட்டளை உங்கள் பெயரில்தான் ஓடும், ஆனால் நெட்வொர்க்கில் உள்ள எதையும் அணுக முடியாது.

ராத்திரி பேக்கப்பும் இதே கதைதான்

'நாங்க ரிமோட் கட்டளை எல்லாம் போடறதில்லை' என்று சொல்பவர்களும் இந்த இடத்தை மட்டும் கவனியுங்கள்.

கடை மூடிய பிறகு தானாக பேக்கப் எடுக்க, 'டாஸ்க் ஷெட்யூலர்' வசதியைப் பலர் வைத்திருப்பார்கள். அதில் 'யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓட்டு' என்று ஒரு வாய்ப்பு உண்டு. அதன் கீழேயே 'பாஸ்வேர்டை சேமிக்காதே' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் செய்தால், அந்த வேலையால் அந்தக் கணினிக்குள் இருப்பதை மட்டுமே அணுக முடியும் என்று அங்கேயே எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

விளைவு? பகலில் நீங்கள் கையால் ஓட்டிப் பார்த்தால் பேக்கப் எடுக்கும். இரவில் தானாக ஓடும்போது எடுக்காது. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் போன பிறகுதான், கடைசி பேக்கப் எட்டு மாதம் பழசு என்பது தெரியவரும். ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் நேரத்தில் இப்படி ஆனால் என்ன ஆகும் என்று வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

தீர்வு என்ன?

நான்கு வழிகள் உண்டு. எளிதானதில் இருந்து வரிசையாகப் பார்ப்போம்.

1. தாவலையே குறைத்துவிடுங்கள்: பி கணினியிடம் 'சி-யில் போய் எடு' என்று சொல்வதற்குப் பதிலாக, உங்கள் கணினியில் இருந்தே சி-யின் ஃபைலை எடுத்து பி-யின் ஷேர் ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். பிறகு பி-யிடம் 'உன் டி டிரைவில் இருப்பதை ஓட்டு' என்று சொல்லுங்கள். இரண்டு வேலையிலும் ஒரே ஒரு தாவல்தான். பெரும்பாலான சிக்கல் இத்தோடு தீர்ந்துவிடும்.

2. கருவியின் சொந்த வசதியைப் பயன்படுத்துங்கள்: பிஎஸ்எக்ஸெக்கில் 'மைனஸ் சி' என்று சேர்த்தால், நீங்கள் ஓட்ட நினைக்கும் புரோகிராமை அதுவே எதிர்க் கணினிக்கு நகல் எடுத்துக் கொண்டுபோகும். பவர்ஷெல்லில் ஏற்கெனவே திறந்த இணைப்பின் வழியாகவே ஃபைலை அனுப்பும் வசதி, அதன் 5-வது பதிப்பில் இருந்து இருக்கிறது. இதற்குத் தனியாக ஷேர் ஃபோல்டரே தேவையில்லை.

3. அந்த வேலைக்கென்று தனிக் கணக்கு: 'பேக்கப்' என்று ஒரு பயனரை உருவாக்குங்கள். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். டாஸ்க் ஷெட்யூலர் அந்தப் பெயரில், பாஸ்வேர்டை சேமித்து ஓடட்டும். முதலாளியின் லாகினையோ, அட்மின் லாகினையோ இதற்குக் கொடுக்க வேண்டாம். கட்டளை ஃபைலுக்குள் பாஸ்வேர்டை எழுதி வைக்கவே வேண்டாம். அந்த ஃபைலைத் திறக்கும் யாருக்கும் அது தெரிந்துவிடும்.

4. பெரிய நிறுவனங்களுக்கு: நூறு கணினிகளுக்கு மேல் டொமைன் வைத்து நடத்தும் தொழிற்சாலை என்றால், எந்தக் கணினி யார் சார்பாக எந்தக் கணினியை அணுகலாம் என்பதை டொமைனிலேயே வரையறுக்க முடியும். 'கெர்பரோஸ் டெலிகேஷன்' என்ற முறை அது. 'கிரெட்எஸ்எஸ்பி' என்று இன்னொரு குறுக்குவழியும் உண்டு. அதில் உங்கள் பாஸ்வேர்டே எதிர்க் கணினிக்குப் போய்விடும் என்பதால், ரொம்ப அவசியம் என்றால் ஒழிய அதைத் தவிர்ப்பது நல்லது.

எரர் எண் சொல்லும் சேதி

பிழைச் செய்தியைப் பார்த்ததும் திரையை மூடிவிடாதீர்கள். அதில் இருக்கும் எண், கோளாறு எங்கே என்று சொல்லிவிடும்.

எரர் 53 - அந்தக் கணினியையே எட்ட முடியவில்லை. கணினி அணைந்திருக்கலாம், பெயர் தவறாக இருக்கலாம், ஃபயர்வால் தடுக்கலாம். விண்டோஸ் ஃபைல் பகிர்வு 445 என்ற போர்ட்டில் நடக்கிறது.

எரர் 67 - ஷேர் பெயர் கிடைக்கவில்லை. பெயரில் எழுத்துப் பிழையா, பகிர்வதை யாராவது நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள்.

எரர் 3 - குறிப்பிட்ட பாதை இல்லை. ஃபோல்டர் பெயர் மாறியிருக்கலாம். அல்லது நாம் மேலே பார்த்த இசட் டிரைவ் பிரச்சினை.

எரர் 5 - இடம் தெரிகிறது, அனுமதி இல்லை. இரண்டாவது தாவல் சிக்கல் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் வரும்.

எரர் 1326 - பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு.

எரர் 1219 - ஒரே கணினிக்கு ஒரே லாகினில் இருந்து இரண்டு வேறு பெயர்களில் நுழைய முயல்கிறீர்கள். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

இன்னொரு எளிய சோதனையும் இருக்கிறது. எதிர்க் கணினியில் முதலில் 'ஹோஸ்ட்நேம்', அடுத்து 'ஹூஆம்ஐ' என்ற இரண்டு கட்டளைகளை ஓட்டிப் பாருங்கள். முதலாவது, கட்டளை எந்தக் கணினியில் ஓடுகிறது என்று சொல்லும். இரண்டாவது, யார் பெயரில் ஓடுகிறது என்று சொல்லும். நீங்கள் நினைத்தது ஒன்று, அங்கே நடப்பது வேறு என்பது பல நேரம் இந்த இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும்.

சின்னத் தப்பு, பெரிய வேலை

பெயரில் இடைவெளி: 'மார்ச் பில்' என்று நடுவில் இடம் விட்டு ஃபோல்டர் பெயர் வைத்திருந்தால், கட்டளை அதை இரண்டு தனித்தனி பெயர்களாக எடுத்துக்கொள்ளும். முழுப் பாதையையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். புதிதாக ஃபோல்டர் உருவாக்கும்போதே இடைவெளி இல்லாமல் பெயர் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கடைசி சாய்கோடு: மேற்கோள் குறியை மூடுவதற்கு முன்பு கடைசியில் ஒரு சாய்கோடு விடுபட்டு நின்றால், 'ரோபோகாப்பி' போன்ற கருவிகள் அந்த மேற்கோள் குறியையே பாதையின் பகுதியாக நினைத்துக்கொள்ளும். கடைசி சாய்கோட்டை எடுத்துவிடுங்கள்.

கட்டளைத் திரையின் அடம்: விண்டோஸின் பழைய கட்டளைத் திரையில் 'சிடி' கட்டளை போட்டு இரட்டைச் சாய்கோட்டுப் பாதைக்குள் போக முடியாது. 'புஷ்டி' என்று கொடுத்தால், அதுவே தற்காலிகமாக ஓர் எழுத்தை ஒதுக்கி உள்ளே கொண்டுபோகும். வேலை முடிந்ததும் 'பாப்டி' கொடுத்தால் அந்த எழுத்து விலகிவிடும்.

'மிரர்' எச்சரிக்கை: ரோபோகாப்பியில் 'மிர்' என்ற வாய்ப்பு, மூல ஃபோல்டரில் இல்லாததை எல்லாம் பேக்கப் ஃபோல்டரில் இருந்தும் அழித்துவிடும். இரண்டு பாதைகளையும் இடம் மாற்றிப் போட்டாலோ, காலியான ஃபோல்டரைத் தவறுதலாகக் காட்டினாலோ, இருக்கிற பேக்கப்பும் போச்சு. எதை அழிக்கப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும் 'எல்' வாய்ப்பை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

லினக்ஸ் கணினியா? அங்கே சாய்கோடு எதிர்த்திசையில் சாயும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு. விண்டோஸ் பாதையை அப்படியே ஒட்டினால் வேலை செய்யாது.

அப்டேட் வந்த பிறகு ஷேர் திறக்கலையா?

'நேத்து வரைக்கும் பாஸ்வேர்டு இல்லாமயே திறந்துச்சு, அப்டேட் ஆனதும் நின்னுடுச்சு' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பில் இருந்து, பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' ஷேர்களுடன் இணைவது இயல்பாகவே தடுக்கப்படுகிறது. ஃபைல் பரிமாற்றத்தில் யாரும் நடுவில் கைவைக்கவில்லை என்பதை உறுதிசெய்யும் 'சைனிங்' முறையும் கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது. பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகள் சில இதனால் இணையாமல் போகலாம்.

இணையத்தில் தேடினால், இந்தப் பாதுகாப்பை அணைப்பதற்கான வழிகள்தான் முதலில் வரும். அதைச் செய்யாமல், ஷேருக்கு ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைப்பதே சரியான வழி. ஏன் என்பதற்கு 2017-ல் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு மென்பொருள் அப்டேட், உலகம் முழுக்க பாதிப்பு

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற வைரஸ் பரவியது. விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறையான 'எஸ்எம்பி 1'-ல் இருந்த ஓட்டையில் அது நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் ஸ்தம்பித்தன. நம் பக்கத்தில், வேலூரை ஒட்டிய சித்தூர் உட்பட ஆந்திராவின் சில மாவட்டங்களில் காவல்துறை கணினிகளும் பாதிக்கப்பட்டன.

அடுத்தது இன்னும் மோசம். 2017 ஜூன் 27. இந்தியாவில் ஜிஎஸ்டி அமலுக்கு வர நான்கே நாள் இருந்தது. உக்ரைனில் நிறுவனங்கள் வரிக் கணக்குக்குப் பயன்படுத்திய 'எம்.இ.டாக்' என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' உள்ளே வந்தது.

வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டை இதற்கும் தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பி இது இருக்கவில்லை. நுழைந்த கணினியின் நினைவகத்தில் இருந்து நிர்வாகிகளின் லாகின் விவரங்களைத் திருடியது. பிறகு என்ன செய்தது தெரியுமா? இரட்டைச் சாய்கோடு, கணினியின் பெயர், 'அட்மின் டாலர்' ஷேர். அந்த நெட்வொர்க் பாதையில் தன் நகலை வைத்தது. பிஎஸ்எக்ஸெக், 'டபிள்யூமிக்' என்ற இரண்டு கருவிகள் மூலம் 'இதை ஓட்டு' என்று எதிர்க் கணினிக்குக் கட்டளை கொடுத்தது.

ஆமாம், நாம் இவ்வளவு நேரம் பார்த்த அதே முறை. எல்லா அப்டேட்டும் போட்டிருந்த கணினிகளும் இதில் விழுந்தன. உடைத்து நுழைய வேண்டிய தேவையே இல்லை, சாவி கையில் இருந்தது.

உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க் முடங்கியது. அதன் குழுமம் நடத்திய, மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் உள்ள கேட்வே டெர்மினல்ஸ் இந்தியா முனையத்திலும் கன்டெய்னர் வேலைகள் பாதிக்கப்பட்டன. சுமார் 4,000 சர்வர்கள், 45,000 கணினிகளை பத்தே நாளில் மறுபடி நிறுவியதாக மெர்ஸ்க் தலைவர் பின்னர் தெரிவித்தார். 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை இழப்பு என்று நிறுவனம் மதிப்பிட்டது.

அந்த நிறுவனத்தின் முக்கியமான லாகின் சர்வர்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தே இருந்ததால், எல்லாமே அழிந்தன. தப்பித்தது ஒன்றே ஒன்று. ஆப்பிரிக்காவின் கானா அலுவலகத்தில் தாக்குதலுக்கு முன்பே கரண்ட் போய், நெட்வொர்க்கில் இருந்து துண்டிக்கப்பட்டிருந்த சர்வர் அது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். துண்டித்து வைத்த ஒரு நகலின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சின்னக் கடைக்கு இதெல்லாம் தேவையா?

தேவைதான். அந்த வைரஸ் பெரிய நிறுவனம், சின்னக் கடை என்று பார்க்கவில்லை. நெட்வொர்க்கில் எது தெரிகிறதோ அதையெல்லாம் தொட்டது. ஒரு கடையின் மொத்தக் கொடுக்கல் வாங்கலும் ஒரு ஃபோல்டரில் இருக்கும்போது, அது போனால் யார் எவ்வளவு பாக்கி என்பதே தெரியாமல் போய்விடும். அதனால் இந்த வாரமே கீழே உள்ளதைச் சரிபாருங்கள்:

- ஷேர் ஃபோல்டரில் 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று இருந்தால் மாற்றுங்கள். யாருக்கு எது தேவையோ அது மட்டும் போதும்.

- எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வேண்டாம். ஒன்று திருடுபோனால் எல்லாம் போகும்.

- பில் போடும் கணினியில் தினசரி வேலையை அட்மின் லாகினில் செய்யாதீர்கள்.

- எஸ்எம்பி 1 இன்னும் 'ஆன்'-ல் இருக்கிறதா என்று பாருங்கள். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் இது இயல்பாக இருக்காது. பழைய பிரின்டருக்காக யாராவது 'ஆன்' செய்திருக்கலாம்.

- விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதிலேயே இருப்பவர்கள் மாறத் திட்டமிடுங்கள்.

- 445 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைக்கவே கூடாது. வெளியூரில் இருந்து ஃபைல் எடுக்க வேண்டும் என்றால் விபிஎன் வழியாக மட்டும் எடுங்கள்.

- பேக்கப்பில் ஒன்று நெட்வொர்க்கில் இருக்கலாம். இன்னொன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், வேலை முடிந்ததும் கழற்றிப் பூட்டி வைத்ததாக இருக்க வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கையும் வைரஸ் விட்டுவைக்காது.

- மாதம் ஒருமுறை பேக்கப்பில் இருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப், பேக்கப்பே இல்லை.

ஒருவேளை தாக்குதல் நடந்துவிட்டால், முதலில் அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம். நிறுவனங்கள் இதுபோன்ற சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022-ல் இருந்து நடைமுறையில் உள்ளது.

சுருக்கமாகச் சொன்னால்...

இன்னொரு கணினிக்குக் கட்டளை கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தக் கணினியில் ஓடப்போகிறது? யார் பெயரில் ஓடப்போகிறது? அந்தப் பெயருக்கு அந்த ஃபோல்டரில் அனுமதி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதை சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியே நான்காவதாக இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே கட்டளையை வேறு யாராவது கொடுத்தாலும் நம் கணினிகள் கேட்டுவிடுமா? 'ஆமாம்' என்பது பதிலாக இருந்தால், மேலே உள்ள பட்டியலை இன்றே தொடங்குங்கள்.